இரண்டு அங்குலம் உயர்த்தினோம்



உங்கள் வீட்டுப் பிள்ளையும் பழைய பிக்கப் வண்டி ஒன்றை வைத்திருக்கலாம். குலை ஏற்றவும் காய்கறி ஏற்றவும் அதை நம்பியே குடும்பம் நடக்கலாம். அப்படியானால் எங்களுக்கு நேர்ந்ததைச் சற்றுக் கேளுங்கள்.

நாங்கள் பத்து பெரண்டாமில் குடியிருக்கிறோம். என் மகன் ஆசகான் பக்கம் சிறு தோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை ஏற்றிப் பிழைக்கிறான். மழைக்காலம் வந்தால் செம்மண் பாதையில் லோரித் தடம் ஆழமாகி, வண்டியின் வயிறு தரையில் தட்டும்.

"அப்பா, வண்டியை 2 அங்குலம் உயர்த்திவிடலாமா?" என்று கேட்டான். சரி என்றேன். ஸ்பிரிங்கை மாற்றினார்கள். "அப்சோர்பர் பழையதே போதும், வீண் செலவு வேண்டாம்" என்று தடுத்தவன் நான்தான்.

மறுநாளே பின்பக்கம் 'டக், டக்' என்ற சத்தம். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அப்சோர்பர் முழுதும் நீண்டு, மேலும் நீள முடியாமல் இழுபட்டது. சில வாரங்களில் எண்ணெய் கசிந்துவிட்டது. மகனுக்குக் கோபம். கடையில் இருந்ததிலேயே நீளமானதை வாங்கி மாட்டினான். ஒருநாள் பாரத்தோடு மேட்டில் ஏறி இறங்கியபோது, அது அடிவரை அமுங்கி, கீழ்ப்பிடியை முறித்துக்கொண்டது. வண்டி ஓரத்து வாய்க்கால் பக்கம் இழுத்துச் சென்றது. பக்கத்தில் என் பேரன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

தோட்டத்துப் பழைய பிட்டர் ஒருவரை அழைத்து வந்தேன். "அண்ணே, வண்டியின் பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். அப்சோர்பர் அந்த ஆட்டத்தை அடக்குகிறது. உள்ளே உள்ள எண்ணெய் சிறு துளைகளில் புகுந்து போவதால் ஆட்டம் சூடாக மாறி அடங்குகிறது. ஆகையால் உயரத்தைப் பார்த்து வாங்கக் கூடாது, சக்கரம் எவ்வளவு இறங்குகிறது, எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து வாங்க வேண்டும்" என்றார்.

அளக்கும் முறையையும் காட்டினார். முதலில் வண்டியின் சட்டத்தைத் தூக்கி, உறுதியான தாங்கி வைத்து, சக்கரத்தைத் தொங்கவிட வேண்டும். மேல்பிடிக்கும் கீழ்ப்பிடிக்கும் இடையே அளக்க வேண்டும். எங்கள் வண்டியில் அது 20½ அங்குலம். பிறகு அச்சு, சட்டத்தில் உள்ள ரப்பர் முட்டில் தட்டும்வரை ஏற்றி அளக்க வேண்டும். அது 14 அங்குலம்.

நீட்டினால் 20½ அங்குலத்துக்குச் சற்று மேலாகவும், அமுக்கினால் 14-க்குக் குறைவாகவும் உள்ளதே பொருத்தமானது. எங்களுக்கு 21-ம் 13-ம் சரியாக அமைந்தன. அச்சு முதலில் ரப்பரில்தான் தட்ட வேண்டும், அப்சோர்பரின் அடியில் அல்ல. அமுங்கிய நீளம் கூடுதலாக இருந்தால், ரப்பர் முட்டையும் கீழே இறக்கியாக வேண்டும். சக்கரம் தொங்கும்போது பிரேக் குழாய் விறைக்கிறதா என்றும் பாருங்கள். அப்சோர்பர் சாய்வாக நிற்பதால், 2 அங்குலம் உயர்த்தினால் 2 அங்குலம் நீளமானது என்று கணக்குப் போடாதீர்கள். முன் சக்கரங்களின் அமைப்பு வேறு. அதை விவரம் அறிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. உயர்த்திய வண்டி வளைவில் எளிதில் சாயும். இப்படி மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் வேண்டும். 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் கேட்கிறது. விபத்து நடந்த பின் வருந்திப் பயனில்லை.

தாய்மார்களே, உங்கள் பிள்ளை அப்சோர்பர் வாங்கப் பணம் கேட்டால், "அளந்து பார்த்தாயா, தம்பி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கத் தவறிய வார்த்தை அது. இப்போது பேரன் வண்டியில் ஏறும் முன் குனிந்து அடியைப் பார்க்கிறான். நானும் கூடவே குனிகிறேன்.