திருச்சியில் ஒன்று, சென்னையில் ஒன்று

இந்த வயதில் வீட்டில் எதற்கய்யா சர்வர் என்று வாக்கிங் நண்பர்கள் கேலி செய்வதுண்டு. பெரிதாக ஒன்றுமில்லை. சீட்டுக்கட்டு அளவில் ஒரு ராஸ்பெரி பை கணினி, அதில் செருகிய 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க். திருச்சியில் என்னிடம் ஒன்று, சென்னையில் மகன் வீட்டில் ஒன்று. நடுவில் சின்க்திங் என்ற இலவச மென்பொருள். இங்கே ஒரு கோப்பைப் போட்டால் சற்று நேரத்தில் அங்கேயும் வந்துவிடும்.

உள்ளே இருப்பது என் மனைவி பாடிய 11 கேசட்டுகள். அவள் போய் ஆறு வருடமாகிறது. பூஞ்சை பிடித்த நாடாக்கள். கணினியில் ஏற்றும்போதே சில அறுந்துவிட்டன. ஆகவே இனி நகல்தான் மூலம்.

ஓலைச்சுவடிக் காலத்திலும் இதே கதைதான். உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்குமுன் பல சுவடிகளைத் தேடி ஒப்பிட்டார். ஒன்றில் சிதைந்தது மற்றொன்றில் கிடைக்கும். ஆனால் ஏடு எழுதுபவர் பிழை செய்தால் அடுத்த ஏட்டிலும் அந்தப் பிழை ஏறிவிடும்.

என் பெட்டிகளும் அப்படித்தான். போன மே மாதம் லீவுக்கு வந்த பேரன், தன் வீடியோக்களுக்கு இடம் வேண்டுமென்று ‘பழைய டேப்’ என்ற ஃபோல்டரை இங்கே அழித்துவிட்டான். சில நிமிடங்களில் சென்னையிலும் அழிந்தது. “அப்பா, இங்கேயும் காலி” என்றான் மகன் போனில். எனக்குக் கை நடுங்கியது.

நல்லவேளை, அமைக்கும்போதே பழைய பிரதிகளை 365 நாள் வைத்திருக்கும்படி இரண்டிலும் சொல்லியிருந்தேன். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அழித்த பெட்டியில் பிரதி தங்காது. அழிப்புச் செய்தியை வாங்கிக்கொண்ட பெட்டிதான் அதை ஒரு மறைவு ஃபோல்டரில் ஒதுக்கி வைக்கும். அதனால் சென்னையில் தேடச் சொன்னேன். பதினொன்றும் இருந்தன. அவன் எடுத்து வெளியே போட, இரவுச் சாப்பாட்டுக்குள் திருச்சிக்கு வந்து சேர்ந்தன.

பேரன் அழுது முகம் வீங்கியிருந்தான். திட்டவில்லை. மூன்றாவது கேசட்டைப் போட்டுக் காட்டினேன். பாட்டின் நடுவே “பால் பொங்குது, அடுப்பை அணைங்களேன்” என்று அவள் குரல் வரும். சிரித்துவிட்டான்.

இப்போது மூன்றாவதாக ஒரு டிஸ்க் பீரோவில் இருக்கிறது. வயர் எதுவும் கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் எடுத்துச் செருகி, புதிதாகச் சேர்ந்ததை நகலெடுத்து, ஒன்றிரண்டு பாட்டை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, கழற்றி வைக்கிறேன். பீரோ சாவி என்னிடம்.