பேஸ் வாசித்தவர் பெயர்

இராஜபாளையத்தை விட்டு வெளியூர் போனவர்களிடம் எதற்கு ஏங்குகிறீர்கள் என்று கேட்டால் அய்யனார் கோயில் ஆற்றைச் சொல்வார்கள். சப்பட்டை மாம்பழத்தைச் சொல்வார்கள். மழை விட்ட மறுநாள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோல் தெரியும் மேற்கு மலையைச் சொல்வார்கள். எனக்கும் இந்த ஏக்கங்கள் உண்டு. ஆனால் இத்தனை வருடம் சென்னையில் இருந்தும் என்னை விடாமல் ஊர்ப் பக்கம் இழுப்பது ஒரு சத்தம். பாட்டுக்கு அடியில் போய்க்கொண்டே இருக்கும் பேஸ் சத்தம்.

எண்பதுகளில் எங்கள் தெருவில் வசதியான வீடுகளில்தான் பெரிய செட் இருந்தது. மற்றவர்கள் டேப் ரெக்கார்டரில் இருந்து ஒயர் இழுத்து, தனியாக வாங்கிய ஸ்பீக்கரை மண்பானை வாயில் கவிழ்த்துக் கட்டிவிடுவோம். பானைக்குள் காற்று அடைபட்டு பேஸ் திரண்டு வரும். எந்தப் பானையில் நல்ல பேஸ் வரும் என்று தட்டிப் பார்த்து வாங்கிய அண்ணன்மார் இருந்தார்கள். திண்ணையில் பானை இருந்தால் திண்ணை அதிரும். அதில் உட்கார்ந்திருப்பவருக்குப் பாட்டு காதில் மட்டுமல்ல, தொடையிலும் முதுகிலும் கேட்கும்.

பாட்டு வேண்டுமென்றால் ரெக்கார்டிங் சென்டருக்குப் போக வேண்டும். பிடித்த பாடல்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, அறுபது நிமிடமா தொண்ணூறு நிமிடமா என்று பார்த்து ஒரு காலி கேசட்டையும் சேர்த்துக் கொடுத்தால், இரண்டு மூன்று நாளில் பதிந்து தருவார்கள். “பேஸை நல்லா ஏத்திப் போடுங்கண்ணே” என்று சொல்லாமல் யாரும் படியிறங்கியது கிடையாது. “ரொம்ப ஏத்துனா இரையும் தம்பி” என்று கடைக்கார அண்ணன் சொல்வார். ஆனாலும் கொஞ்சம் ஏற்றித்தான் கொடுப்பார். கேசட்டின் உள்தாளில் முத்து முத்தாகப் பாட்டு, படம், பாடியவர், இசை என்று எழுதியிருக்கும். இசை என்ற இடத்தில் பெரும்பாலும் ஒரே பெயர்தான்.

அந்தப் பெயர் இளையராஜா. எங்கள் மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைத்தொடர் வடமேற்கே மேகமலையாக நீண்டு தேனி மாவட்டத்தில் இறங்குகிறது. அந்த மாவட்டத்தில்தான் அவர் பிறந்த பண்ணைப்புரம். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது மலையின் இரண்டு பக்கமும் அதை எங்கள் பாட்டு என்றே எடுத்துக்கொண்டது. ஆனால் எண்பதுகளின் கேசட்டுகளில் நாங்கள் பானை வைத்துப் பிடித்த பேஸை யார் வாசித்தார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை.

அவர் பெயர் சசிதரன். இளையராஜாவின் குழுவில் நெடுங்காலம் பேஸ் கித்தார் வாசித்தவர். ‘மௌன ராகம்’ படப் பாடல்களை நல்ல ஹெட்போனில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பாடகர் ஒரு மெட்டைப் பாடிக்கொண்டிருக்க, அடியில் பேஸ் இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டிருக்கும். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் அது ஏறும். பாடகர் உச்சிக்குப் போகும்போது அது இறங்கி நின்று தாங்கும். தாளத்துக்குத் துணையாக ஒரே சுரத்தை முட்டிக்கொண்டிருப்பதுதான் பேஸின் வேலை என்று நினைத்திருந்தவர்களுக்கு, அதுவும் பாடும் என்று காட்டிய பாடல்கள் அவை. எழுதியவர் இளையராஜா. அதை விரலால் பாட வைத்தவர் சசிதரன்.

பேஸ் கித்தாரின் தாய் டபுள் பாஸ். ஆறடி உயரத்தில், வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய உருவமாக, நின்றுகொண்டு அணைத்துப் பிடித்து வாசிப்பது. நான்கு கம்பிகள். அடிக்கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். மேற்கத்திய இசைக்குழுவில் பெரும்பாலும் வில்லால் இழுத்து வாசிப்பார்கள். ஜாஸ்காரர்கள் வில்லை வைத்துவிட்டு விரலால் மீட்டி, ஒரு தட்டுக்கு ஒரு சுரம் என்று நடக்க வைத்தார்கள். நம் பழைய சினிமாப் பாடல்களில், குறிப்பாக ஐம்பது அறுபதுகளின் கிளப் நடனப் பாடல்களில், அந்த நடையைக் கேட்கலாம். 1951இல் லியோ ஃபெண்டர் அதே நான்கு கம்பிகளை, அதே சுருதியில், தோளில் மாட்டிக்கொள்ளும் மின்கித்தாராக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தார். பேஸ் வாசிப்பவர் பஸ்ஸில் ஏறிக் கச்சேரிக்குப் போக முடிந்தது அதற்குப் பிறகுதான்.

டபுள் பாஸ் வாசித்தவர்களில் என் ஏக்கத்தை எனக்கே புரியவைத்தவர் அமெரிக்க ஜாஸ் கலைஞர் சார்லி ஹேடன். 1937இல் அயோவா மாநிலத்தில் ஷெனண்டோவா என்ற சிற்றூரில் பிறந்தவர். குடும்பமே வானொலியில் நாட்டுப்புறப் பாட்டுப் பாடும் குடும்பம். இரண்டு வயது நிரம்பும் முன்பே அவரை ஒலிவாங்கி முன் நிறுத்திப் பாட வைத்தார்கள். பதினைந்து வயதில் போலியோ வந்து தொண்டையைப் பாதித்தது. பாட்டு நின்றது. பாட முடியாமல் போன பையன் டபுள் பாஸைப் பிடித்துக்கொண்டார்.

1957இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். 1959இல் ஆர்னெட் கோல்மனோடு ‘தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்’ இசைத்தட்டில் வாசித்தார். அதில் பியானோ கிடையாது. இந்த இடத்தில் இந்தச் சுரக்கூட்டு என்று பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல், கோல்மன் எந்தப் பக்கம் திரும்பினாலும் கேட்டுக் கேட்டே பின்தொடர வேண்டும். ஹேடன் அதைச் செய்தார். அதனால்தான் அந்தத் தட்டில் இன்றும் எல்லோரையும் கீழிருந்து சேர்த்துப் பிடித்திருப்பது அவர் கை என்று தெரிகிறது. பிறகு ‘லிபரேஷன் மியூசிக் ஆர்கெஸ்ட்ரா’ என்ற தன் சொந்தக் குழுவை அமைத்தார். 1971இல் போர்ச்சுகலில் ஒரு விழாவில், சே குவேரா நினைவாகத் தான் எழுதிய இசையை மொசாம்பிக், அங்கோலா, கினி-பிசாவு நாடுகளின் விடுதலைப் போராளிகளுக்குக் காணிக்கையாக்கினார். அந்த நாடுகளை அடிமைப்படுத்தியிருந்ததே போர்ச்சுகல்தான். மறுநாள் அரசியல் போலீஸ் அவரைப் பிடித்துச் சென்றது. இசைக்குழுவின் பின்வரிசையில் நிற்கிற வாத்தியக்காரர் நாட்டைப் பார்த்துப் பேச முடியும் என்று அன்று அவர் காட்டினார். 1982இல் கலிஃபோர்னியா இன்ஸ்டிடியூட் ஆஃப் தி ஆர்ட்ஸில் ஜாஸ் பாடப்பிரிவைத் தொடங்கிப் பல தலைமுறை மாணவர்களை உருவாக்கினார்.

இவ்வளவும் செய்தவர் 2008இல், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, ‘ராம்ப்ளிங் பாய்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டார். அது ஜாஸ் அல்ல. சிறு வயதில் வீட்டில் பாடிய நாட்டுப்புற இசை. மகன், மூன்று மகள்கள் எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். கடைசியில் அவரே பாடினார். போலியோ பறித்த குரலில், தான் பிறந்த ஊரின் பெயரைத் தாங்கிய பழைய பாட்டைப் பாடினார். அந்தக் குரல் தடுமாறும். அதைக் கேட்கும்போது எனக்கு எங்கள் ஊரின் ஜவஹர் மைதானமும் பஞ்சு மார்க்கெட்டும் நெஞ்சில் வந்து நிற்கின்றன. ஹேடன் 2014 ஜூலையில் காலமானார். அவர் எந்த ஆண்டு, யாரோடு, எந்தத் தட்டில் வாசித்தார் என்பதை ஒன்று விடாமல் தேடி எடுக்க முடிகிறது. தட்டின் உறையிலேயே வாசித்தவர் பெயரைப் போடுவது அங்கே வழக்கம். ரான் கார்ட்டர் என்ற இன்னொரு ஜாஸ் டபுள் பாஸ் கலைஞர் 2,221 பதிவுகளில் வாசித்திருக்கிறார் என்று 2015இல் கின்னஸ் கணக்கெடுத்தது. பெயர் அச்சாகியிருந்ததால்தான் எண்ண முடிந்தது.

சசிதரன் எத்தனை பாடல்களில் வாசித்தார் என்று அப்படி உறையைப் புரட்டி எண்ண வழியில்லை. நம் இசைத்தட்டிலும் கேசட்டிலும் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவரோடு பட்டியல் முடிந்துவிடும். சென்னைப் பிரசாத் ஸ்டூடியோவில் அன்று நடந்த வேலையை நினைத்தால் இது எவ்வளவு பெரிய இழப்பு என்று புரியும். காலையில் இளையராஜா ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக நோட்ஸ் எழுதுவார். அதைப் படியெடுத்து ஒவ்வொருவர் முன்னாலும் வைப்பார்கள். ஒத்திகை பார்ப்பார்கள். பிறகு வயலின்கள், புல்லாங்குழல், கித்தார், தபேலா, டிரம்ஸ், பேஸ், பாடகர்கள் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிப்பார்கள். ஒருவர் பிசகினால் மொத்தப் பாட்டையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். டிரம்ஸ் புருஷோத்தமன், கித்தார் சந்திரசேகர், வயலின் வி.எஸ். நரசிம்மன், புல்லாங்குழல் நெப்போலியன், கீபோர்டு விஜி மானுவேல். இப்படி ஒருவர் மூச்சை மற்றவர் கவனித்து வாசித்த கூட்டுழைப்பு அது. அந்த உழைப்புத்தான் எங்கள் பானையில் வந்து திரண்டது.

ஊர்த் திருவிழா மேடையில் இந்தக் குறை இருந்ததில்லை. இராஜபாளையத்தில் கோயில் கொடைக்கும், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்ட நாட்களிலும் மெல்லிசைக் குழுக்கள் வரும். பேஸ் கித்தார்காரர் டிரம்ஸுக்குப் பக்கத்தில், வெளிச்சம் குறைந்த இடத்தில் நிற்பார். கச்சேரியின் நடுவில் அறிவிப்பாளர் நிறுத்தி, “டிரம்ஸ்... தபேலா... பேஸ் கித்தார்...” என்று ஒவ்வொருவர் பெயராகச் சொல்லுவார். பெயர் சொன்னதும் அவர் நாலைந்து சுரம் தனியாக வாசித்துக் காட்டுவார். கூட்டம் கை தட்டும். ஷிஃப்ட் முடித்து மில்லில் இருந்து நேராக வந்தவர்களும், பேரப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்த பாட்டிகளும் ஒரு பேஸ் வாத்தியக்காரருக்குக் கை தட்டிய ஊர் அது. பெரிய கம்பெனிகள் கேசட்டில் தராத மரியாதையை ஒரு ஒலிவாங்கியும் ஒரு அறிவிப்பாளரும் தந்தார்கள்.

இப்போது ஊருக்குப் போனால் மலை இருக்கிறது, மில் இருக்கிறது, ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் பாட்டும் இருக்கிறது. ரெக்கார்டிங் சென்டர்கள் மொபைல் கடைகளாகிவிட்டன. திண்ணைகளை இடித்து வண்டி நிறுத்த இடம் எடுத்துவிட்டார்கள். அதே பாடல்களை மருமகன் போனை மேசை மேல் வைத்துப் போட்டுக் காட்டுகிறான். குரல் கேட்கிறது, வயலின் கேட்கிறது. பேஸ் இல்லை. விரல் நக அளவுள்ள ஸ்பீக்கரால் 41 அதிர்வுக்கான காற்றைத் தள்ள முடியாது. மேல் அதிர்வுகளைக் கொண்டு மூளை அந்தக் கீழ்ச் சுரத்தை ஊகித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். சசிதரனின் வாசிப்பு ஒரு நிழலாக மட்டும் அங்கே இருக்கிறது. பிள்ளைகள் இளையராஜாவைக் கேட்கிறார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவர் எழுதியதில் பாதியைத்தான் கேட்கிறார்கள் என்பது தாங்க முடியாத வருத்தம்.

கருவிகளும் ஆட்களும் இல்லாமல் போய்விட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஏ.ஆர். ரஹ்மான் காலத்தில் கணினி வந்த பிறகும் கீத் பீட்டர்ஸ் போன்றவர்கள் பேஸ் வாசித்தார்கள், அது பாடல்களில் தனித்துத் தெரிகிறது. பின்னாளில் குறுந்தகடுகளில் வாசித்தவர்கள் பெயரைப் போடும் பழக்கத்தையும் ரஹ்மான் பரவலாக்கினார். அதனால்தான் அவர் காலத்துக் கலைஞர்களைப் பற்றி இன்று பேச முடிகிறது. முந்தைய தலைமுறைக்கு அந்த நியாயம் கிடைக்கவில்லை. நான் விட்டுவந்த ஊர் எனக்குத் தந்த பேஸ் முழுக்க அந்தத் தலைமுறையின் கையில் பிறந்தது.

என் ஏக்கத்தை ஆராய்ந்து பார்த்தால், திண்ணையோ பானையோ திரும்ப வர வேண்டும் என்பதல்ல அது. பேர் தெரியாமலே ஒருவரிடமிருந்து இவ்வளவு வாங்கிக்கொண்டோமே என்ற கடன் உணர்ச்சிதான் அது. இசையமைப்பாளரைக் கொண்டாடியதில் நாம் குறை வைக்கவில்லை. அவர் எழுதியதை உயிரோடு எழுப்பிய விரல்களை எங்கேயும் குறித்து வைக்கவில்லை. இசைக் கலை வளர்ந்த ஒரு சமூகத்தில் இது சிறிய குறையல்ல.

இதைத் தீர்க்க இன்னும் நேரம் இருக்கிறது. சென்னையில் பாடல் பதிவுகளில் வாசித்த மூத்தவர்கள் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். மதுரையிலும் திருநெல்வேலியிலும் இராஜபாளையத்திலும் மெல்லிசைக் குழுக்களில் வாசித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால், அவரை உட்கார வைத்துக் கேளுங்கள். எந்தக் குழு, எந்த வருடம், பக்கத்தில் யார் வாசித்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பழைய விழா நோட்டீஸ் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். பிள்ளைகளுக்கு ‘மௌன ராகம்’ பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டும்போது நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள். பாடியவர் பெயரையும் இசையமைத்தவர் பெயரையும் சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். பேஸ் வாசித்தவர் சசிதரன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.