பழைய துணையும் புதிய வழங்கியும்

புரொன்ட்பேஜை ஆக்கிய வேர்மியர் நிறுவனத்தை மைக்ரோசொப்ற் 1996இல் வாங்கிற்று. இணையப் பக்கம் அமைக்கும் அம்மென்பொருளின் படிவங்களும் வருகைக் கணக்கும் இயங்க, வழங்கியில் அதற்குரிய துணைநிரல்கள் இருத்தல் வேண்டும். விண்டோஸ் சேர்வர் 2008உடன் வந்த ஐ.ஐ.எஸ். 7, மெற்றாபேஸ் என்னும் பழைய பதிவேட்டை விடுத்துப் புதிய அமைவுக் கோப்பைக் கைக்கொண்டது. துணைநிரல்களோ பழைய பதிவேட்டையே தேடின. ஆகவே, ஐ.ஐ.எஸ். 6 இசைவுப் பகுதியை முதலிற் சேர்த்த பின்னரே அவற்றை நிறுவ இயன்றது.

அவற்றின் கோப்புறைப் பெயர்களில் வேர்மியரின் முதலெழுத்துக்களாகிய 'வி.ரி.ஐ.' நிலைத்தன. வழக்கொழிந்த சொல் ஊர்ப்பெயரில் உறைவதைக் கற்பிக்கும் தமிழாசிரியனாகிய எனக்கு இது புதிதன்று.

எனினும் மாணவர்காள், இசைவுப் பகுதி பாலமே, குடியிருக்கும் வீடன்று. அதனைக் கடந்து, நீவிர் எழுதிய பக்கங்களை வெப்டாவ் போன்ற பொதுமுறைக்கு மாற்றுதலே அறிவுடைமை. கருவி அழியலாம், எழுதியது அழியலாகாது.