மாகாணித் தேய்மானம்

டேராடூன் நகரின் ராஜ்பூர்ச் சாலை, முசோரி மலையை நோக்கி ஏறிச் செல்வது. இவ்வூருக்குப் பணிமாறுதல் பெற்று வந்த நாள்முதல் அச்சாலை வழியே மிதிவண்டியில்தான் பள்ளிக்குச் செல்கிறேன். என் வண்டியின் பின்சக்கரத்தில் சிறியதும் பெரியதுமாக 8 பல்சக்கரங்கள் அடுக்கப்பட்டுள்ளன. இவ்வடுக்கைக் ‘கேசட்’ என்பர். மிகச் சிறியதில் 11 பற்கள். மிகப் பெரியதில் 32 பற்கள். மேட்டில் ஏறப் பெரியது உதவும். சமதரையில் விரையச் சிறியது உதவும்.

ஐந்து ஆண்டுகளாகச் சங்கிலிக்கு எண்ணெய் இட்டேனே தவிர, அதன் தேய்மானத்தை அளந்து பார்த்ததில்லை. சென்ற ஆண்டு அது மிகவும் தளர்ந்துவிடவே, புதிய சங்கிலி ஒன்றை வாங்கி நானே மாட்டினேன். செலவைக் குறைத்துவிட்டதாகப் பெருமையும் கொண்டேன். மறுநாள் காலை, மேட்டில் எழுந்து நின்று அழுத்தி மிதித்தேன். சங்கிலி பற்களைத் தாண்டிக் குதித்தது. கால் நழுவி நடுச்சாலையில் விழுந்தேன். பின்னால் வந்த பேருந்து இரண்டு முழத் தொலைவில் நின்றது.

முழங்காலில் காயத்தோடு பழுதுபார்க்கும் கடைக்கு வண்டியை உருட்டிச் சென்றேன். தொழிலில் தேர்ந்தவரை இங்கு ‘உஸ்தாத்’ என்று அழைப்பர். ஆசான் என்பது அதன் பொருள். முதியவரான அந்த உஸ்தாத், கேசட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

“மாஸ்டர்ஜி, சங்கிலி புதிது, பற்கள் பழையவை. இரண்டும் எப்படிப் பொருந்தும்?” என்று கேட்டார்.

சங்கிலியின் ஊசிகள் தேயத்தேய அதன் நீளம் கூடும். நீண்ட சங்கிலி, பற்களையும் தன் அளவுக்கேற்பத் தேய்த்துவிடும். நான் நாள்தோறும் பயன்படுத்திய பல்சக்கரங்களின் பற்கள் சுறாமீனின் துடுப்பைப்போல் ஒருபுறம் சாய்ந்திருந்தன.

கேசட்டின் பூட்டு வளையத்தை இடப்பக்கமாகத் திருகிக் கழற்ற வேண்டும். அப்பக்கம் பல்சக்கரங்கள் தாமே சுழன்றுவிடும். ஆதலால், சங்கிலித் துண்டு பொருத்திய கைப்பிடி ஒன்றால் என்னை அவற்றைப் பிடித்துக்கொள்ளச் செய்தார். வளையத்தை அவர் கழற்றினார். புதிய கேசட்டை என்னிடமே தந்து மாட்டச் சொன்னார். அச்சைச் சூழ்ந்த உருளையில் நீண்ட பள்ளங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று மட்டும் அகலத்தில் வேறுபட்டிருந்தது. ஆகவே, ஒவ்வொரு பல்சக்கரமும் ஒரே நிலையில்தான் பொருந்தியது. பிறகு வளையத்தை இறுக்கமாக முடுக்கினோம்.

விடைபெறும்போது உஸ்தாத் ஓர் இரும்பு அளவுகோலை எடுத்துக் காட்டினார். புதிய சங்கிலியில் இரண்டு ஊசிகளுக்கு இடையே அரை அங்குலம். 24 இடைவெளிகள் சேர்ந்தால் சரியாக 12 அங்குலம். அதில் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடினால் சங்கிலியை மட்டும் மாற்றினால் போதும். எட்டில் ஒரு பங்கு கூடும்வரை விட்டுவிட்டால் பற்களும் தேய்ந்துபோயிருக்கும்.

பதினாறில் ஒரு பங்கைத் தமிழில் ‘மாகாணி’ என்றும், எட்டில் ஒரு பங்கை ‘அரைக்கால்’ என்றும் வழங்குவர். இச்சொற்களை வகுப்பில் பலமுறை கற்பித்திருக்கிறேன். மாகாணிக்கும் அரைக்காலுக்கும் உள்ள வேறுபாட்டை அந்தக் கடையில்தான் நான் கற்றுக்கொண்டேன். இப்போது மாதந்தோறும் முதல் ஞாயிறன்று சங்கிலியின்மீது அளவுகோலை வைத்துப் பார்க்கிறேன்.