நம்பர் கேட்ட கதை

மாசாணியம்மன் கோயிலுக்குப் போற ரோட்டோரமா எங்க தோப்பு. மூணு ஏக்கர் தென்னை. வெள்ளை ஈயும் வேர் வாடலும் வந்த பின்னால காய் பாதியாப் போச்சு. இருக்கற காயை வியாபாரிக்குப் போட்டா வெட்டுக்கூலி போகக் கையில ஒண்ணும் நிக்கறதில்லீங்க. அதனால களத்துல கொப்பரை காயவெச்சு, மரச்செக்குல ஆட்டி, தோப்பு வாசல்லயே ஒரு மேசை போட்டு எண்ணெய் விக்க ஆரம்பிச்சோம். வெள்ளிக்கிழமை, அமாவாசைன்னா கூட்டம் இருக்கும். வாங்கறாங்க, நல்லா இருக்குதுங்கறாங்க, கார் ஏறிப் போயிடறாங்க. அதோட சரி. அடுத்த தடவை ஆட்டும்போது அவங்களுக்கு எப்படித் தெரியும்?

ஒரு நோட்டு வாங்கி, "பெயர், போன் நம்பர் எழுதவும்"னு அட்டையில எழுதி மேசை மேல வெச்சேன். ஒரு மாசத்துல ஏழு நம்பர். அதுல ஒண்ணு எதோ குழந்தை கிறுக்கினது.

கோயமுத்தூர்ல வேலை பாக்கற என் மக லீவுக்கு வந்தவ அதைப் பார்த்துச் சிரிச்சுட்டா. "ஏப்பா, வண்டியை விட்டு எறங்கறதுக்குள்ள நம்பர் குடுன்னா யாரு குடுப்பாங்க? நீங்க குடுப்பீங்களா?"ன்னா.

யோசிச்சுப் பார்த்தேன். குடுக்க மாட்டேன். ஒரு கண்காட்சியில குலுக்கல் பெட்டியில சீட்டுப் போட்டுட்டு, அதுக்கப்புறம் ரெண்டு வருசம் லோன் வேணுமா, சைட் வேணுமான்னு போன் வந்தது. கடைசியில 1909-க்குச் சொல்லித்தான் கொஞ்சம் ஓய்ஞ்சது. ஆனா வெள்ளை ஈ வந்தப்போ நானே விவசாயிகள் அழைப்பு மையத்துக்கு, அதான் 2004-ல ஆரம்பிச்ச 1800-180-1551, போன் போட்டேன். பேரு, மாவட்டம், வட்டாரம், என்ன பயிர்னு வரிசையாக் கேட்டாங்க. ஒண்ணு விடாம சொன்னேன். அந்தச் சுருள் வெள்ளை ஈயை நம்ம நாட்டுல முதல்ல பார்த்ததே 2016-ல பொள்ளாச்சிப் பக்கம்தான். மட்டையெல்லாம் கரிபூசின மாதிரி ஆயிட்டுது, எனக்குப் பதில் வேணும். மைதா பசை கரைச்சு அடிங்கன்னு சொன்னாங்க. எனக்குத் தேவை இருந்துச்சு, அவங்க கேட்டதும் என் தேவையைப் பத்தித்தான். அதனால மனசுல ஒண்ணும் உறுத்தலை.

மக அட்டையை மாத்தினா. "எண்ணெய் எதுக்கு? சமையலுக்கா, தலைக்கா, குழந்தைக்குத் தேய்க்கவா?" அவ்வளவுதான். நம்பரைப் பத்தி அதுல பேச்சே இல்லை. ஒரு கிண்ணத்துல எண்ணெய் வெச்சு, கையில ஊத்தி மோந்து பாக்கச் சொல்லணும். அவங்க பதில் சொல்லி, எண்ணெய் வாங்கி, நான் சில்லறை குடுக்கற நேரத்துல, "அடுத்து ஆட்டும்போது சொல்லட்டுங்களா? இந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க, போதும்"னு கேக்கணும். எழுத வேண்டியதில்லை, காசு செலவில்லை.

மிஸ்டு காலை வெச்சே பெங்களூர்ல 2010-ல ஜிப்டயல்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சு, 2015-ல ட்விட்டர்காரன் அதை வாங்கிட்டான்னு மக சொன்னா. பீகார்ல சோப்புக் கம்பெனி ஒண்ணு, மிஸ்டு கால் குடுத்தா திரும்பக் கூப்பிட்டுப் பாட்டும் சிரிப்பும் போட்டுவிட்டு, நடுவுல விளம்பரமும் சொல்லுமாம். கரண்டே சரியா இல்லாத ஊர்ல அது ரேடியோ மாதிரி ஓடியிருக்குது. நம்ம ஆளுங்க காசு மிச்சம் பண்ணக் கண்டுபிடிச்ச மிஸ்டு கால் எங்கெங்கயோ போயிருக்குது பாருங்க.

ரெண்டு மாசத்துல 58 நம்பர் சேர்ந்துது. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல "தலைக்கு", "பேத்திக்கு", "முறுக்கு சுட"ன்னு குறிச்சு வெச்சேன்.

தம்பி மகனுக்கு இது பத்தலை. "பெரியப்பா, குலுக்கல் வைங்க. அஞ்சு லிட்டர் எண்ணெய் பரிசு. நம்பர் கொட்டும்"னான். எனக்கு அந்தக் கண்காட்சி ஞாபகம் வந்துச்சு. ஆனாலும் ஆசை யாரை விட்டுது? ஒரு அமாவாசைக்குப் பெட்டி வெச்சோம். ஒரே நாள்ல 214 சீட்டு. நான் மூணு தடவை எண்ணினேன். பரிசு சூலூர்க்காரர் ஒருத்தருக்கு விழுந்துது, குடுத்தாச்சு.

அடுத்து எண்ணெய் ஆட்டினதும், "எண்ணெய் ரெடி, தோப்புக்கு வந்து வாங்கிக்கலாம்"னு எல்லாருக்கும் மெசேஜ் போட்டோம். நோட்டுல இருந்த 58 பேர்ல 23 பேர் வாங்கினாங்க. பெட்டியில இருந்த 214-ல மூணே பேர். நிறைய நம்பர் பொய் நம்பர். ரெண்டு பேர் கூப்பிட்டு, யாரு என் நம்பரை உனக்குக் குடுத்ததுன்னு சத்தம் போட்டாங்க. சீட்டு எழுதினதே அவங்களுக்கு மறந்துபோச்சு.

அதைக்கூடப் பொறுத்துக்கலாம். மூணாம் நாள் மத்தியானம் ஒரு ஆத்தா, எழுபது வயசிருக்கும், எவர்சில்வர் தூக்குப்போசியோட தோப்புக்குள்ள வந்தாங்க. நெகமத்துல இருந்து பொள்ளாச்சி, பொள்ளாச்சியில இருந்து இங்க, ரெண்டு பஸ்ஸு. "தம்பி, எனக்குப் பரிசு விழுந்துருச்சாமே. பேரன் படிச்சுச் சொன்னான், வந்து வாங்கிக்கச் சொல்லியிருக்கீங்கன்னு." நான் என்ன சொல்றது? என் வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசலை. மோரு குடுத்து உக்கார வெச்சு, போசி நிறைய ஊத்திக் குடுத்தா. ஆத்தா போன பின்னால என்னைப் பார்த்த பார்வை இருக்குதே, மாசாணியம்மன் கல்லுல மொளகா அரைச்சுப் பூசினா எப்படி இருக்குமோ அப்படி இருந்துது.

அந்த வாரமே சைட் விக்கற ஒருத்தர் வந்து, அந்த 214 நம்பரை எனக்குக் குடுங்க, காசு தர்றேன்னார். தம்பி மகன் என்னைப் பார்த்தான். அன்னைக்கு சாயந்திரம் சீட்டு மொத்தமும் தேங்காய்த் தொட்டியோட சேர்ந்து வெந்நீர் அடுப்புல போச்சு. போன்ல ஏத்தினதையும் அவனையே அழிக்கச் சொன்னேன். இன்னும் எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கறான். கஷ்டப்பட்டுப் பொறுக்கின காயை ஆத்துல போட்ட மாதிரிங்கறான். அவன் பக்கமும் ஞாயம் இருக்குது, ராத்திரி முழிச்சு 214 நம்பரை அடிச்சவன் அவன்.

2023-ல வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல, சம்மதம் குடுக்கறது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமா அதைத் திரும்ப வாங்கிக்கவும் முடியணும்னு இருக்குதாம். மக சொல்லித்தான் தெரியும். இப்ப மெசேஜ் கடைசியில "வேண்டாம்னா 'வேண்டாம்'னு மட்டும் அனுப்புங்க"ன்னு ஒரு வரி சேர்த்திருக்கேன். போன மாசம் உடுமலையில இருந்து ஒரு அம்மிணி, "குழந்தை வளந்துட்டான், இனி எண்ணெய் வேண்டாங்கண்ணா"ன்னு அனுப்பியிருந்துது. பேரை அடிச்சுட்டேன்.

நெகமத்து ஆத்தா பேரு நோட்டுல இருக்குது. அவங்களே கேட்டு எழுதச் சொன்னாங்க, பக்கத்துல "முட்டிக்குத் தேய்க்க"ன்னு குறிச்சிருக்கேன். அவங்களுக்கு மெசேஜ் கிடையாது, நானே போன்ல கூப்பிட்டுச் சொல்லிடறேன். வர்ற வியாழக்கிழமை ஆட்டறோம்.