ஒரு கழித்தல் குறி

விண்மீன்களைப் படிப்பது என் தொழில். 'பார்ப்பது' என்னாமல் 'படிப்பது' என்பதற்குக் காரணம் உண்டு. தொலைநோக்கி திரட்டும் ஒளியை நிறமாலைக் கருவியினுள் செலுத்தினால், அது ஊதா முதல் சிவப்பு வரை விரிந்து, இடையிடையே கருங்கோடுகளுடன் தோன்றும். ஒவ்வொரு தனிமத்திற்கும் உரிய கோடுகள் தனித்தனியே உண்டு. 1868இல் ஞாயிற்றின் ஒளியில் தென்பட்ட மஞ்சள் கோடு ஒன்றே ஹீலியத்தை முதலில் அறிவித்தது. புவியில் அத்தனிமத்தை 1895இல்தான் பிரித்தெடுத்தனர். விண்மீனின் இயக்கத்தையும் கோடுகள் காட்டிவிடும். அது நம்மை நெருங்கினால் அவை நீலப் பக்கமும், விலகினால் சிவப்புப் பக்கமும் நகரும்.

ஆய்வு மாணவியாக இருந்தபோது, சவ்வாது மலையிலுள்ள காவலூர் வான்நோக்ககத்தில் கன்னி இராசியைச் சேர்ந்த விண்மீன் ஒன்றைத் தொடர்ந்து நோக்கினேன். மார்கழிப் பின்னிரவுகளில் அதன் கோடுகள் நீலம் நோக்கி நகர்ந்தன. வைகாசி முன்னிரவுகளில் சிவப்பு நோக்கி நகர்ந்தன. கண்ணுக்குப் புலப்படாத துணை விண்மீன் ஒன்று அதனை ஈர்க்கிறது என்று முடிவு செய்தேன். கட்டுரையை எழுதி முடித்தேன். கண்டுபிடிப்பைப் பற்றி ஊருக்குக் கடிதமும் எழுதிவிட்டேன்.

கட்டுரையைப் படித்த பேராசிரியர் ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்த மாதங்களில் பூமி எங்கே இருந்ததம்மா?"

எனக்கு வியர்த்தது. புவி ஞாயிற்றை நொடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. மார்கழியில் அவ்விண்மீனை நெருங்கும் புவி, வைகாசியில் அதைவிட்டு விலகுகிறது. அளந்த வேகத்திலிருந்து இவ்வியக்கத்தின் பங்கை நீக்க வேண்டும். அதற்காக நானே எழுதிய கணினி நிரலில், கூட்டல் குறி இருக்கவேண்டிய இடத்தில் கழித்தல் குறி இருந்தது. நீங்கவேண்டிய வேகம் இருமடங்காகி நின்றது. நான் கண்ட துணை விண்மீன், என் காலடியில் இருந்த புவியேதான்.

குறியைத் திருத்தி நிரலை மீண்டும் இயக்கினேன். கோடுகளின் அசைவு மறைந்தது. என் கண்டுபிடிப்பும் மறைந்தது. ஆனால் அப்பிழையைத் திருத்த முடிந்ததே மூலப்பதிவுகள் மாறாமல் இருந்ததால்தான். வானியலாளர்கள் 1981இல் வெளியிட்ட 'ஃபிட்ஸ்' என்னும் கோப்பு வடிவத்தில் அவை இருந்தன. அத்தகைய கோப்பின் தலைப்பகுதியில், நோக்கிய நாள், நேரம், திசை ஆகியவற்றை எவரும் படிக்கத்தக்க எழுத்துகளில் பதிந்து வைக்கலாம். பிறர் நம் முடிவைச் சரிபார்க்க வேண்டுமானால் இக்குறிப்புகள் இன்றியமையாதவை.

அதன்பின் வானியல் மென்பொருள் எழுதுவதே என் பணியில் பெரும்பகுதியாயிற்று. புதிய நிரல் எதுவாயினும், வேகம் முன்பே நன்கறியப்பட்ட விண்மீன் ஒன்றில் முதலில் சோதிக்கிறேன். நிரலின் ஒவ்வொரு வரியையும் மாணவர்கள் படித்துக் கேள்வி கேட்கும்படி திறந்து வைக்கிறேன். மூலப்பதிவை ஒருபோதும் அழிப்பதில்லை.

அன்று ஊருக்கு இரண்டாவது கடிதம் ஒன்றும் எழுதினேன். முதல் கடிதத்தை ஒரே மூச்சில் எழுதியிருந்தேன். இதை எழுத இரண்டு நாள்கள் ஆயின. ஆயினும், அறிவியலில் நான் எழுதிய முதல் உண்மை அதுவே என்று இன்று எண்ணுகிறேன்.