கிரெய்ன் எந்தப் பக்கம்?

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறைக்குள் அரை மணி நேரம் நின்றால் 'கிரெய்ன்' என்ற ஆங்கிலச் சொல் எப்படியும் காதில் விழும். தோலில் முடி இருந்த மேல்பக்கம்தான் கிரெய்ன். அடியில் இருப்பது சதைப்பக்கம். வெட்டுமேசையில் இதை யாரும் மாற்றிச் சொல்வதில்லை. தமிழரும் உத்தரப் பிரதேசத்துக்காரரும் பீகாரியும் ஒரே பொருளில்தான் சொல்கிறோம். அதே சொல் பையில் தொங்கும் அட்டைக்குப் போகும்போதுதான் குழப்பம் வருகிறது. பை தைப்பதோடு அந்த அட்டைக்கு வாசகமும் எழுதுகிறவன் நான். தோலை வெட்டுகிறவன்தான் வாசகத்தையும் எழுத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஃபுல் கிரெய்ன் என்றால் மேல்பக்கத்தை யாரும் தேய்க்கவில்லை என்று பொருள். முடி முளைத்த துளைகள் அப்படியே இருக்கும். எருமைத் தோலில் அவை பெரிதாக, விலகி விலகித் தெரியும். ஆட்டுத் தோலில் பொடிப் பொடியாக வரிசை கட்டியிருக்கும். ஆனால் எருமை முள்ளில் உரசும், உண்ணி கடிக்கும், கொம்பு கீறும். அந்த வடுக்கள் அதிகமாக இருந்தால் பதனிடுகிறவர்கள் மேல்பக்கத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, நிறம் பூசி, சூடான பிளேட்டால் புதுக் கிரெய்னை அச்சிடுவார்கள். அது கரெக்டட் கிரெய்ன். சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் ஒரே கோலம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். இயற்கையான தோலில் கழுத்து ஒரு மாதிரி, முதுகு ஒரு மாதிரி, வயிறு வேறு மாதிரி. கரெக்டட் கிரெய்ன் மட்டமான சரக்கு இல்லை. மழைக்காலத்தில் லோக்கல் ரயிலில் போகிறவருக்கு அதைத்தான் நானே எடுத்துத் தருவேன். அதை ஃபுல் கிரெய்ன் என்று எழுதுவதுதான் தவறு.

வாசகத்தில் அடுத்த சிக்கல், சொல்லை எங்கே வைப்பது என்பது. 'ஃபுல் கிரெய்ன் லெதர் பேக்' என்று எழுதினால் பை முழுவதும் அந்தத் தோல் என்று ஆகிவிடுகிறது. பெரும்பாலான பைகளில் முன்பக்கமும் பின்பக்கமும் மட்டுமே அது. பக்கவாட்டுப் பட்டை வேறு தோலாக இருக்கும், உள்ளே லைனிங் துணியாக இருக்கும். அதனால் 'பாடி: ஃபுல் கிரெய்ன் பஃபலோ லெதர். லைனிங்: காட்டன்' என்று பிரித்து எழுதுகிறேன். காலணிக்கு ஐரோப்பாவில் 1994-லேயே இப்படி ஒரு விதி வந்துவிட்டது. மேல்பாகம், உள்பாகம், அடிப்பாகம் மூன்றுக்கும் தனித்தனியாகப் பொருளைச் சொல்ல வேண்டும். மேற்பூச்சு 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால் வெறும் லெதர் என்று சொல்லக்கூடாது, 'கோட்டட் லெதர்' என்றே குறிக்க வேண்டும். பைக்கும் இதே ஒழுங்கைக் கைக்கொள்வதில் நமக்கு என்ன நஷ்டம்?

'டாப் கிரெய்ன்' என்பதை நான் எழுதுவதே இல்லை. சிலர் அதில் ஃபுல் கிரெய்னையும் சேர்க்கிறார்கள், சிலர் தேய்த்த தோலுக்கு மட்டும் சொல்கிறார்கள். வாங்குகிறவர் எதை நினைத்துக்கொள்வார் என்று தெரியாத சொல் அட்டைக்கு ஆகாது. 'ஜெனுயின் லெதர்' என்பதும் தரத்தின் பெயர் இல்லை. ரெக்சின் இல்லை என்று மட்டும் அது சொல்கிறது. அடியடுக்கைப் பிளந்து எடுத்த ஸ்ப்ளிட் தோலுக்கும் அது பொருந்தும். நுபக் கிரெய்ன் பக்கத்தை லேசாகத் தேய்த்தது, ஆகவே அதை ஃபுல் கிரெய்ன் என்பது சரியில்லை. ஸ்வேடில் தடவிப் பார்ப்பது சதைப்பக்கத்தை.

இந்த வேறுபாடுகளைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிராத காலம் தாராவியில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இங்கே தோல் பதனிடும் வேலை செய்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பச்சைத் தோலைப் பார்த்தே வளர்ந்தார்கள். 1971-ல் இறைச்சிக்கூடம் பாந்திராவிலிருந்து தேவ்னாருக்குப் போனது. பதனிடும் தொட்டிகளும் மெல்ல மெல்ல இங்கிருந்து போய்விட்டன. இப்போது சென்னையிலிருந்தும் கான்பூரிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் நிறம் ஏற்றி முடித்த தோல் சுருட்டாக வந்து இறங்குகிறது. கூடவே விற்பவர் சொல்லும் பெயரும் வருகிறது. தோலை விரித்துப் பார்க்காதவர்கள் அந்தப் பெயரை அப்படியே அட்டையில் அச்சடிக்கிறார்கள். சயான்–பாந்திரா லிங்க் ரோட்டுக் கடைக்கு வருகிற வாடிக்கையாளர் அதை நம்பிக் காசு கொடுக்கிறார்.

ஃபுல் கிரெய்ன் என்று எழுதிய அட்டையில் இன்னொரு வரியும் சேர்ப்பேன்: கீறல், உண்ணிக்கடி போன்ற இயற்கைத் தடங்கள் தெரியும் என்று. அந்த வரி இல்லாவிட்டால் நல்ல தோல் பையே பழுதென்று திரும்பி வந்துவிடும்.

பட்டறைக்குப் புதிதாக வந்த பையன் போன வாரம் ஒரு பெல்ட்டைக் கொண்டுவந்து, "அண்ணாச்சி, இதுக்கு என்ன எழுதணும்?" என்று கேட்டான். ஓரத்தைக் காட்டச் சொன்னேன். இரண்டு அடுக்கு ஒட்டித் தைத்திருந்தது. "மேல என்ன, அடியில என்ன, நீயே சொல்லு தம்பி" என்றேன். மேலே எருமை, தேய்க்காதது. அடியில் ஸ்ப்ளிட் என்றான். "அப்ப அதையே ரெண்டு வரியா எழுது" என்றேன். இரண்டாவது வரியைப் பார்த்தால் விலையைக் குறைக்கச் சொல்வார்களே என்று தயங்கினான். குறைக்கச் சொன்னால் அடியிலும் ஃபுல் கிரெய்ன் வைத்தால் என்ன விலை வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்லச் சொன்னேன். அந்தக் கணக்கையும் அவனே போட்டான்.